பத்தாண்டு அவகாசம்

கணையத்தில் வரும் புற்று, கண்ணில் படும்போதே பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். பெருங்குடல் புற்று அப்படிப்பட்டதில்லை. குடலின் உட்சுவரில் ஒரு செல் தடம் மாறி, சிறு வளர்ச்சியாகத் தலைகாட்டி, மெல்லப் பெரிதாகிப் புற்றாக மாறுவதற்குச் சராசரியாகப் பத்து ஆண்டுகளாவது ஆகின்றன. இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அங்கே இருப்பது புற்றே இல்லை. சில நிமிடங்களில் வெட்டியெடுத்துவிடக்கூடிய ஒரு சதைத் துணுக்குதான் இருக்கிறது.

அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரல் புற்றுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவ்வளவு அவகாசம் கொடுக்கிற ஒரு நோய், இத்தனை உயிர்களை எப்படிக் கொண்டுபோகிறது? அதைப் புரிந்துகொள்ள, குடலின் உட்சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓயாமல் புதுப்பிக்கப்படும் சுவர்

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில், குடல்வால் ஒட்டியிருக்கும் இடத்தில் தொடங்குகிறது. மேலேறி, கல்லீரலுக்குக் கீழே வளைந்து, வயிற்றின் குறுக்கே போகிறது. மண்ணீரல் அருகே மறுபடி திரும்பி, இடப்பக்கமாக இறங்கி, மலக்குடலில் முடிகிறது. இதன் உட்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்துகொண்டே இருக்கும். பிறக்கும் புதிய செல்கள் குழியின் சுவரோரமாக மேலே நகர்ந்து, வேலையைச் செய்து, ஐந்தாறு நாட்களில் உதிர்ந்து மலத்தோடு வெளியேறிவிடும். நம் வாழ்நாள் முழுக்க இது நிற்பதில்லை.

ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அதன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். நகலில் அவ்வப்போது பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திக்கொள்கிறது. திருத்தப்படாத பிழை ‘ஏபிசி’ என்ற மரபணுவில் விழுந்தால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. செல் மேலே நகர்ந்ததும் ‘இனிப் பிரியாதே’ என்று நிறுத்திவைப்பதில் இந்த மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் இரண்டு பிரதிகளும் கெட்டுவிட்டால் அந்தக் குழியின் செல்கள் உதிர வேண்டிய நேரத்தில் உதிராமல் பெருகத் தொடங்குகின்றன. இப்படித்தான் ‘அடினோமா’ வகைப் பாலிப் உருவாகிறது. சில பாலிப்கள் காளானைப் போலக் காம்பு வைத்து நிற்கும். சில, சுவரோடு சுவராகத் தட்டையாகப் படர்ந்திருக்கும்.

பாலிப்பிலிருந்து புற்றுக்கான பாதையைப் படிப்படியாக வரைந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகெல்ஸ்டீன் குழுவினர். சிறு பாலிப், பெரிய பாலிப், முற்றிய புற்று என்று வெவ்வேறு கட்டத்துத் திசுக்களை எடுத்து அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய பாலிப்களில் அரிதாகவே காணப்பட்ட ‘ராஸ்’ மரபணுப் பிழை, அதைவிடப் பெரிய பாலிப்களில் ஏறக்குறைய பாதியில் இருந்தது. ‘பி53’ போன்ற காவல் மரபணுக்களின் இழப்பு இன்னும் பிந்திய கட்டத்தில் வந்தது. அதாவது, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகே புற்று பிறக்கிறது. இந்தச் சேர்மானத்துக்குத்தான் ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாகிவிடாது. மிகப் பெரும்பான்மை ஆகாது. ஆனால் பெருங்குடல் புற்றுகளில் ஏறக்குறைய எல்லாமே பாலிப்பாக இருந்து வந்தவைதான்.

இந்த அவகாசம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. ஏபிசி மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருப்பவர்களுக்கு, பதின்ம வயதிலிருந்தே குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும். குடலை அகற்றாவிட்டால் நாற்பது வயதை ஒட்டிப் புற்று வருவது ஏறக்குறைய உறுதி. ‘லிஞ்ச் நோய்க்குறி’ உள்ள குடும்பங்களில் நகல் பிழையைத் திருத்தும் அமைப்பே பழுதானது. அவர்களுக்குப் பத்தாண்டு என்பது இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

வளைவுக்குள் நுழைந்த வெளிச்சம்

பாலிப்பை எடுத்துவிட்டால் புற்றைத் தடுக்கலாம் என்ற எண்ணம் அறுவை மருத்துவர்களுக்கு வெகுகாலமாகவே இருந்தது. எட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. நேரான உலோகக் குழாயால் மலக்குடலையும் அதை ஒட்டிய கொஞ்ச தூரத்தையும் மட்டுமே பார்க்க முடிந்தது. அதற்கு மேலே எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தால், வயிற்றைத் திறப்பதுதான் ஒரே வழி.

வழியைத் திறந்துவிட்டது கண்ணாடி இழை. 1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் ஒரு படத்தைக் கடத்த முடியும் என்று ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவின் மிச்சிகனில் இரைப்பையைப் பார்க்கும் வளையும் கருவியை உருவாக்கினார். 1957இல் அதை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்.

பெருங்குடல் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அதன் வளைவுகளும் மடிப்புகளும் கருவியைத் திரும்பத் திரும்பத் தடுத்தன. 1960களின் இறுதியில் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃபும், ஜப்பானிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஹிரோமி ஷின்யாவும் அந்த வித்தையைக் கைவரச் செய்தார்கள். பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கருவியின் உள்துளை வழியே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தெடுக்கும் முறையை ஷின்யா வடிவமைத்தார். 1969இல் வயிற்றில் கத்தி படாமலேயே பெருங்குடலின் மேற்பகுதியிலிருந்து பாலிப் வெளியே வந்தது. அதுவரை நோயைக் காட்ட மட்டுமே பயன்பட்ட ஒரு பரிசோதனை, அன்றிலிருந்து நோயைத் தடுக்கும் சிகிச்சையாகவும் ஆயிற்று. ‘கொலோனோஸ்கோபி’ எனப்படும் இந்தப் பரிசோதனையின் தனிச்சிறப்பே இதுதான். மார்பக எக்ஸ்ரே புற்றைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். கொலோனோஸ்கோபியோ புற்று உண்டாவதற்கு முன்பே அதன் மூலத்தை அகற்றிவிடுகிறது.

1985 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன், முன்பே தெரிந்திருந்த ஒரு சிறு பாலிப்பை எடுப்பதற்காக பெதெஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கொலோனோஸ்கோபியில் மருத்துவர்கள் பெருங்குடலின் தொடக்கம்வரை கருவியைக் கொண்டுபோனபோது, அங்கே பெரிய பாலிப் ஒன்று இருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. அந்தச் சில மணி நேரம் அதிபரின் அதிகாரங்கள் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் ஒப்படைக்கப்பட்டன. பாலிப்புக்குள் புற்று இருந்தது. ஆனால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கவில்லை. ரீகன் அதன்பின் 19 ஆண்டுகள் வாழ்ந்து, 93 வயதில் வேறு காரணத்தால் இறந்தார். அரசுப் பணிக்கு நடுவே, பெரிதாக எந்த அவதியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்த ஒருவரின் குடலில் அந்தக் கட்டி வளர்ந்திருந்தது என்பதைத்தான் நாம் மனதில் வைக்க வேண்டும்.

புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது என்று லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் 1932லேயே வகைப்படுத்திச் சொன்னார். இன்றைய அமெரிக்கக் கணக்கும் அதையே சொல்கிறது. குடல் சுவரோடு நிற்கும் புற்றில் 100க்குச் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிவிட்ட பிறகு கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கை 15 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஆதாரம் என்ன?

பாலிப்பை எடுத்தால் உண்மையிலேயே புற்று குறைகிறதா? 1993இல் வெளியான அமெரிக்காவின் ‘தேசிய பாலிப் ஆய்வு’ இதற்கு முதல் உறுதியான விடை தந்தது. பாலிப் அகற்றப்பட்ட 1,418 பேரை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். எதிர்பார்த்ததைவிட அவர்களிடம் புற்று 76 முதல் 90 சதவீதம்வரை குறைவாக வந்தது. 2012இல் வெளியான நீண்டகாலக் கண்காணிப்பில், இந்த நோயால் ஏற்பட்ட மரணங்களும் எதிர்பார்த்ததில் பாதியாகக் குறைந்திருந்தன.

2022இல் வந்த ‘நார்டிக்’ ஆய்வு பலரைக் குழப்பியது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயதுவரை உள்ள 84,585 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கொலோனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பினார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், அழைக்கப்பட்ட பிரிவில் புற்று 18 சதவீதம்தான் குறைந்திருந்தது. மரணத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ‘கொலோனோஸ்கோபியால் பயனில்லை’ என்று சிலர் எழுதினார்கள். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 42 சதவீதம் பேர் மட்டுமே. வந்தவர்களை மட்டும் வைத்து மதிப்பிட்டபோது புற்று சுமார் 31 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாண்டு காலம் எடுத்து வளரும் நோயில், பத்தாண்டுக் கண்காணிப்பு முழுப் பலனையும் காட்டாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவியின் திறனைவிட, அதை எத்தனை பேர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி என்பதுதான் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

பலரும் பயப்படுவது குழாயைப் பார்த்துத்தான். உண்மையில் சிரமம் முந்தைய நாளில்தான் இருக்கிறது. இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, காய்கறி, கொட்டையுள்ள பழம், முழுதானியம் கூடாது. இட்லி, வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம் என்று சக்கை தங்காத உணவாகச் சாப்பிடச் சொல்வார்கள். முந்தைய நாள் இளநீர், பால் சேர்க்காத டீ போன்ற நீராகாரம் மட்டும். பீட்ரூட், மாதுளை போன்ற சிவப்புச் சாறுகள் ஆகாது. திரையில் ரத்தம் போலவே தெரியும். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மருந்து எடுப்பவர்கள், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாலையில் பேதி மருந்து. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் இரண்டு லிட்டர் அளவுக்குச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். லேசான உப்புக் கரிப்போடு வழவழவென்று இருக்கும். குளிர வைத்துக் குடித்தால் இறங்கும். இந்தப் பொடி குடலில் உறிஞ்சப்படாமல், தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு குடலைக் கழுவிக்கொண்டே இறங்குகிறது. பாதியை மாலையிலும் மீதியை மறுநாள் விடியற்காலையிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. கடைசியில் சக்கையே இல்லாமல் வெளிர்மஞ்சள் நிறத்தில் தெளிந்த தண்ணீராகப் போனால் தயார் என்று அர்த்தம். இதை அரைகுறையாகச் செய்தால் தட்டையான பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும். முழுப் பரிசோதனையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பரிசோதனை அறையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். கையில் ஊசி ஏறும், உறக்கம் தழுவும். விரல் பருமனுள்ள வளையும் குழாயின் நுனியில் இப்போது கண்ணாடி இழைக்குப் பதிலாகச் சிறு கேமரா இருக்கிறது. குடலை விரிக்கக் காற்றோ கரியமில வாயுவோ செலுத்தி, முதலில் பெருங்குடலின் தொடக்கம்வரை போய்விடுவார்கள். குடல்வாலின் துளையும், சிறுகுடல் வந்து சேரும் வால்வும் தெரிந்தால் முழுத் தூரமும் வந்தாயிற்று என்று பொருள். கவனமான தேடல் திரும்பி வரும்போதுதான் நடக்கிறது. ஒவ்வொரு மடிப்பின் பின்புறத்தையும் விலக்கிப் பார்த்துக்கொண்டே மெல்ல இழுப்பார்கள்.

திரையில் இளஞ்சிவப்பாக, ஈரம் மினுங்க, மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைவிட்டுத் தெரியும் சுவரில் ஓரிடத்தில் அந்தக் கிளைகள் மறைந்து சிறு மேடு தட்டினால் குழாய் நிற்கும். தட்டையாக இருந்தால் அடியில் மருந்து நீரை ஊசியால் செலுத்தி மேடாக்குவார்கள். கம்பிச் சுருக்கு வெளியே வந்து விரிந்து மேட்டைச் சுற்றி இறங்கும், இறுகும், சில நொடிகளில் துணுக்கு துண்டாகிவிடும். உட்சுவரில் வலி உணரும் நரம்பு இல்லாததால் வெட்டுவது தெரியாது. துணுக்கைக் குழாய் வழியே உறிஞ்சி, ஃபார்மலினில் போட்டு பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

இந்தத் திரும்பும் பயணத்தில் அவசரம் கூடாது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு நிமிடத்துக்கு மேல் செலவிட்ட மருத்துவர்கள், அதற்குக் குறைவாகச் செலவிட்டவர்களைவிட இரு மடங்குக்கும் மேலானவர்களிடம் வளர்ச்சிகளைக் கண்டுபிடித்தார்கள். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, மருத்துவர் அடினோமாவைக் கண்டுபிடிக்கும் விகிதம் ஒவ்வொரு சதவீதம் உயரும்போதும், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் புற்று வரும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது. ‘தொடக்கம்வரை போனீர்களா? குடல் சுத்தமாக இருந்ததா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம். மிக அரிதாக, ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலோ அதைவிடக் குறைவாகவோ, குடலில் துளை விழலாம். வீடு திரும்பிய பின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு இருந்தால் உடனே போக வேண்டும். இந்தச் சிறு ஆபத்தும் செலவும் இருப்பதால்தான், அறிகுறியே இல்லாத எல்லோரையும் நேரே கொலோனோஸ்கோபிக்கு அனுப்பாத நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் 2006இல் தொடங்கிய தேசியத் திட்டம், வீட்டுக்கே தபாலில் ஒரு சிறு குப்பியை அனுப்புகிறது. மலத்தில் துளியளவு எடுத்து அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் கலந்திருக்கிறதா என்று ஆய்வகம் சொல்லிவிடும். 2019 முதல் அங்கே புழக்கத்தில் உள்ள ‘ஃபிட்’ என்ற இந்தப் பரிசோதனைக்குப் பத்தியம் வேண்டாம், பேதி மருந்து வேண்டாம். ஆனால் ரத்தம் இருக்கிறது என்று வந்துவிட்டால் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். ‘இன்னொரு முறை ஃபிட் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது அவகாசத்தை வீணாக்குவதாகும்.

எல்லாவற்றையும் மூலம் என்று எண்ணும் பழக்கம்

இந்தியாவில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கே உரியது. பெருங்குடலுக்குத் தேசியத் திட்டம் இல்லை. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே இந்த நோய் குறைவு என்பது காரணம். ஆனால் நம் மருத்துவமனைகளுக்கு இந்த நோயோடு வருகிறவர்களில் ஐம்பது வயதுக்கு உட்பட்டோரின் பங்கு மேலைநாடுகளைவிட அதிகம். முற்றிய நிலையில் வருகிறவர்களும் அதிகம். உடல் பருமன், மது, புகையிலை, நார்ச்சத்துக் குறைந்த உணவு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் பல நம் ஊரிலும் பெருகிவருகின்றன.

நம்மிடம் அவகாசம் எங்கே கரைகிறது என்று பார்த்தால், முதல் இடம் கழிப்பறைதான். மலத்தில் ரத்தம் பட்டால் ‘உடம்பு சூடு’ என்று மோர் குடிக்கிறோம். தொடர்ந்து பட்டால் மூலம் என்று நாமே முடிவுகட்டுகிறோம். சுவரெங்கும் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம் இருக்கிறது. யாரிடமும் காட்டாமலேயே மருந்து கிடைக்கிறது. காட்டுவதற்குக் கூச்சம், பெண்களுக்கு இன்னும் கூடுதல் கூச்சம். மூலம் மிகப் பரவலான நோய் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஆளுக்கு மூலமும் புற்றும் சேர்ந்தே இருக்க முடியும். மூலம் இருப்பது தெரிந்துவிட்டது என்பதாலேயே ரத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதாகாது. கையுறை அணிந்த விரலால் மருத்துவர் செய்யும் ஒரு நிமிடப் பரிசோதனையிலேயே மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பல புற்றுகள் தட்டுப்பட்டுவிடும். அதைச் செய்யாமல் மூலத்துக்கு மருந்து எழுதினால், ‘பார்த்துவிட்டு எழுதுங்கள்’ என்று நாமே கேட்க வேண்டும்.

இரண்டாவது இடம், ரத்தசோகை. பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது; அங்கே மலம் இன்னும் இளகியே இருக்கும். அங்கே வளரும் புற்று அடைப்பை உண்டாக்குவதற்குள் நெடுங்காலம் போய்விடும். ரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. களைப்பு, மாடி ஏறினால் மூச்சிரைப்பு, முகம் வெளுப்பு என்று போனால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று குடலில் தேடியாக வேண்டும். வீட்டில் இருக்கும் அறுபது வயது அம்மாவின் சோர்வை ‘வயசாச்சு’ என்று நாம் ஒதுக்குவது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

யாருக்கு எப்போது தேவை? மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, காரணம் தெரியாத ரத்தசோகை இவற்றில் எது இருந்தாலும், வயது எதுவானாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இளம் வயது என்பது விலக்கு இல்லை. ‘பிளாக் பேந்தர்’ படத்தில் நடித்த சாட்விக் போஸ்மேன் இந்த நோயால் 2020இல் இறந்தபோது அவருக்கு வயது 43. இளையவர்களிடம் நோய் கூடிவருவதால் அமெரிக்கா 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், 40 வயதில் அல்லது அவர்களுக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்வது நல்லது. அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர்கள், 45 வயதைத் தாண்டியபின் ‘ஃபிட்’ பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசலாம். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத ஒருவரின் குடல், நன்கு செய்யப்பட்ட கொலோனோஸ்கோபியில் சுத்தமாக இருந்தால், அடுத்த பரிசோதனை பெரும்பாலும் பத்து ஆண்டுக்குப் பிறகே.

பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் அதைக் கோப்பில் பூட்டிவைக்க வேண்டாம். பெரிய பாலிப் என்றோ புற்று என்றோ அதில் இருந்தால், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் நகலைக் கொடுங்கள். கல்யாணப் பேச்சு கெடும், ஊர் பேசும் என்று மறைக்கப்படும் அறிக்கையால் நமக்கு எந்த நன்மையும் இல்லை. நோய் வந்தவருக்குச் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் வேலை; அவருடைய ரத்த உறவுகளை நேரத்தில் பரிசோதனைக்கு அனுப்புவது குடும்பம் மட்டுமே செய்யக்கூடிய வேலை.